மூன்றரை மணி நேரம் ஓடிய தண்ணீர்

நம் கட்டடக்கலை அலுவலக வரவேற்பறையில் ஒரு பெரிய படம் மாட்டியிருக்கிறது. கோலாலம்பூரை அடுத்த கிள்ளானில் உள்ள ஒரு மருத்துவமனையின் முற்றம். கருங்கல் சுவர் ஒன்றில் மேலிருந்து கீழ்வரை தண்ணீர் வழிகிறது. தலையில் துணி கட்டிய அம்மாள் ஒருவர் பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். புதிதாகச் சேரும் நீங்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்று, "இது உங்க டிசைனா மேடம்?" என்று கேட்பீர்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். போன வருடம் ஓய்வுபெற்றேன். அன்றும் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்தச் சுவரில் இப்போது தண்ணீர் ஓடுவதில்லை. ஏன் என்பதைப் புதியவர்களுக்காக எழுதித் தரும்படி அலுவலகத்தில் சொன்னார்கள். நல்லபடியாக முடிந்த வேலைகளைப் பற்றி எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் மருத்துவமனை கட்டப் போகிற உங்களுக்கு இதுதான் உதவும்.

அது புற்றுநோய் சிகிச்சைக்கான புதிய பிரிவு. நாள் முழுவதும் ஏர்கோன் ஓடும் குளிர்ந்த பெட்டியாக அது இருக்கக் கூடாது என்று முதல் நாளே முடிவு செய்தேன். நடுவில் வானம் தெரியும் முற்றம். அதைச் சுற்றிக் கீழே காத்திருப்புக் கூடம், மேல் மாடியில் வார்டு. கூரையில் விழும் மழைநீர் நிலத்தடித் தொட்டிக்குப் போகும். சூரிய ஒளியில் ஓடும் பம்ப் அதை ஏற்றிச் சுவரில் வழியவிடும். உச்சியில் இருக்கும் மெல்லிய குழாய்கள் தண்ணீரைப் பனிபோலத் தூவும். அந்த ஈரத்தைத் தொட்டு வரும் காற்று, கண்ணாடிப் பலகைகள் வைத்த ஜன்னல்கள் வழியாக உள்ளே போய்க் கூடத்தைக் குளிர்விக்கும். காற்று எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை மாதக் கணக்கில் உட்கார்ந்து கணக்கிட்டேன். பலகைகள் எப்போதும் ஒரே கோணத்தில் திறந்திருக்க வேண்டும் என்பதற்காக அவற்றை மூடவே முடியாதபடி பொருத்தச் சொன்னதும் நான்தான்.

வரைபடங்களைக் காட்டிய கூட்டத்தில் எல்லாருக்கும் பிடித்துப் போனது. ஒருவருக்கு மட்டும் பிடிக்கவில்லை. தொற்றுத் தடுப்பைக் கவனிக்கும் சிஸ்டர். என்னைவிடப் பத்து வயது இளையவர். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நாலு தலைமுறையாக அரசாங்க உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணக் குடும்பம் அவருடையது. வீட்டுப் பேச்சு இன்னும் நாக்கில் இருந்தது.

"அக்கா, இது ஆருக்கு?" என்றார்.

"நோயாளிகளுக்குத்தான் சிஸ்டர்."

"இங்க வாற ஆக்களுக்கு வெள்ளை அணுவே இருக்காது. மழைத் தண்ணியத் தேக்கி வச்சு அவையின்ர மூக்குக்கு முன்னால தூவப் போறீங்களோ?"

என்னிடம் பதில் தயாராக இருந்தது. வடிகட்டி இருக்கிறது, கிருமியைக் கொல்லும் யூவி விளக்கு இருக்கிறது, வாராவாரம் சுத்தம் செய்யும் அட்டவணை இருக்கிறது. தொழில்நுட்பப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். மேசையைச் சுற்றி எல்லாரும் தலையாட்டினார்கள். சிஸ்டர் தலையாட்டவில்லை.

"சரி. ஒரு ஸ்விட்ச் மட்டும் தாங்கோ. நர்ஸ் கவுண்டருக்குப் பக்கத்தில. எங்களுக்குப் பயமா இருந்தா நாங்களே நிப்பாட்டுறம்."

அதற்கும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. அமைதியாக இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு ஸ்விட்ச் ஒன்று துருத்திக்கொண்டு நிற்பதை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. தொட்டதற்கெல்லாம் யாராவது அணைத்துவிடுவார்கள் என்றும் நினைத்தேன். ஸ்விட்ச் பம்ப் அறைக்குள் போனது. அறைக்குப் பூட்டு. சாவி பராமரிப்பு டெக்னீஷியன் சிவாவிடம். பராமரிப்பில் எது மாறினாலும் முதல் ஒரு வருடம் என்னைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம்.

எட்டு மாதம் எல்லாம் நன்றாக நடந்தது. முற்றத்தில் உட்கார்ந்துவிட்டு வருகிறவர்களின் கையில் ஊசி ஏற்றுவது சுலபமாக இருக்கிறது என்று நர்ஸுகள் சொன்னார்கள். கணேசன் என்று ஒருவர் இருந்தார். போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் இருபது வருடமாகக் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். ரத்தப் புற்றுநோய். சுவருக்கு மிக அருகில் இருந்த பெஞ்சுதான் அவர் இடம். யாராவது முன்னால் வந்து உட்கார்ந்திருந்தால் எழுந்திருக்கும்வரை நின்றுகொண்டே இருப்பார்.

"இஞ்சின் சத்தம் கேட்டுக் கேட்டு மண்டைக்குள்ள எப்பவும் ஒரு இரைச்சல் மேடம். இங்க வந்தாத்தான் அது நிக்குதுலா," என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அன்று முழுவதும் என் கால் தரையில் பாவவில்லை.

பிறகு மழை பெய்யாத காலம் வந்தது. தொட்டியில் தண்ணீர் குறைந்தது. கழிவறைகளுக்கும் செடிகளுக்கும் மிச்சம் வேண்டும் என்பதால் சுவரை நிறுத்திவைக்கச் சொன்னேன். இரண்டு வாரத்துக்கு மேல் நின்றது. குழாய்களிலும் சுவருக்குக் கீழே உள்ள தொட்டியிலும் தேங்கிய தண்ணீர் வெயிலில் கிடந்தது. அதன் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை பின்மாலையில் மழை கொட்டித் தீர்த்தது. மறுநாள் காலை சிவா அழைத்தார்.

"மேடம், டேங்க் நெறைஞ்சிருச்சு. ஆனா பழைய தண்ணி அடியிலயும் குழாயிலயும் அப்படியே கிடக்கு. எல்லாத்தையும் தொறந்து விட்டு, கழுவி, மருந்து போட்டு அப்புறம் ஓட்டலாமா? ரெண்டு மூணு நாளாகும்."

அடுத்த புதன்கிழமை பசுமைக் கட்டடச் சான்றிதழுக்கான மதிப்பீட்டாளர்கள் வருவதாக இருந்தது. மழைநீரில் ஒரு சொட்டையும் வீணாக்காத கட்டடம் என்று விண்ணப்பத்தில் நானே எழுதியிருந்தேன்.

"பெஞ்ச மழைய அப்படியே வடிகால்ல விடச் சொல்றீங்களா சிவா? போட்டுடுங்க."

"சரி மேடம்."

அவ்வளவுதான் பேச்சு. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை, காலை ஏழரை மணி. பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக்குக் கீழே உள்ள கடையில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சிஸ்டர் அழைத்தார்.

"அக்கா, தண்ணிய நிப்பாட்ட வேணும். இப்பவே."

"என்ன ஆச்சு?"

"கணேசன் அண்ணைக்கு ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் தொடங்கினது. நேற்றுப் பின்னேரம் மூச்சு எடுக்க ஏலாம ஐ.சி.யூ.வுக்குக் கொண்டு போயிட்டம். நெஞ்சுப் படத்தில ரெண்டு பக்கமும் வெள்ளை. வழக்கமான மருந்துக்கு அசையுதில்லை. அவர் போன கிழமை முழுக்க அந்தச் சுவருக்குப் பக்கத்திலதான் இருந்தவர்."

அவர் எந்தக் கிருமியை நினைத்துச் சொல்கிறார் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. தேங்கிய, வெதுவெதுப்பான தண்ணீரில் வளரும் லீஜியோனெல்லா. தண்ணீர் நுண்ணிய துளியாகி மூச்சோடு நுரையீரலுக்குள் போகும்போதுதான் அது ஆளைப் பிடிக்கும். இதைப் பற்றி நான் படித்திருக்கிறேன். படித்ததால்தான் யூவி விளக்கு வைத்தேன்.

"டெஸ்ட் ரிசல்ட் வந்துட்டதா?" என்று கேட்டேன்.

"வெளி லேப்புக்குப் போயிருக்கு. மத்தியானம் வரும்."

"நான் நேரா வரேன் சிஸ்டர். பார்த்துட்டு முடிவு பண்ணலாம்."

சிஸ்டர் சொன்னார்: "சிவா போன் எடுக்கிறாரில்லை. சாவி அவரிட்ட. நான் முற்றத்துக் கதவில நாற்காலி போட்டு மறிச்சிருக்கிறன். ஆக்கள் உள்ள கூடத்தில இருந்தாப் பரவாயில்லைதானே அக்கா?"

"பரவாயில்லை. உள்ள இருக்கட்டும்."

இந்த வாக்கியத்தை நான் சொன்னேன். தோசையைத் தள்ளி வைத்துவிட்டுக் கார் சாவியைத் தேடிக்கொண்டே சொன்னேன். அந்தக் கட்டடத்தில் காற்று எந்தப் பக்கம் போகும் என்பதை நன்றாக அறிந்தவள் நான் ஒருத்திதான். அதனால்தான் அவர் என்னைக் கேட்டார்.

ஃபெடரல் ஹைவேயில் ஏறிச் சுபாங்கைத் தாண்டும்போது அந்த எண்ணம் வந்தது. முற்றத்தின் ஈரக் காற்று கூடத்துக்குள் போகிறது. அதற்காகத்தான் கட்டினேன். கதவில் நாற்காலி போட்டு மறித்தால் காற்று நிற்காது. ஜன்னலை மூடவும் முடியாது. போனைக் கையில் எடுத்தேன்.

எடுத்து, அழைக்காமல் மீண்டும் வைத்துவிட்டேன்.

இதை உங்களுக்கு மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். அழைத்துச் சொன்னால், கூடத்தைக் காலி செய்ய வேண்டும். காலி செய்தால், என் கட்டடத்தின் மூச்சே விஷம் என்று நானே சொன்னதாகிவிடும். அதுவும் மதிப்பீட்டாளர்கள் வருவதற்கு முதல் நாள். ரிசல்ட் இல்லாமல் அப்படிச் சொல்வது பொறுப்பற்ற செயல் என்று எனக்கு நானே வாதாடினேன். இருபது நிமிடத்தில் போய்விடுவோம், நேரில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். ஷா ஆலாம் அருகே ஒரு லோரி சாய்ந்து கிடந்தது. வண்டிகள் அசையவில்லை. முன்னால் நின்ற காரின் பிரேக் விளக்கைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். போன் பக்கத்து இருக்கையிலேயே கிடந்தது.

மருத்துவமனைக்குள் நுழைந்தபோது ஒன்பதே முக்கால்.

நேராகக் கூடத்துக்குப் போனேன். பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர்ச் சத்தம் இதமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஜன்னலை ஒட்டியிருந்த இருக்கையில் இளம்பெண் ஒருத்தி பலகைக் கண்ணாடியில் தலையைச் சாய்த்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இங்கதான் ஆன்டி நல்லா சில்லுனு இருக்கு," என்று சொல்லி, எனக்கு இடம்விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.

கண்ணாடிப் பலகையில் கை வைத்துப் பார்த்தேன். விரல்கள் நனைந்தன.

சிஸ்டர் கவுண்டரில் இருந்து வந்தார். "எல்லாரையும் பின்பக்க அறைக்குக் கொண்டுபோங்க. இப்பவே. மேல் வார்டுல ஜன்னல் பக்கம் இருக்கறவங்களையும்," என்றேன். சிஸ்டர் என் நனைந்த விரல்களைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். திரும்பி, நர்ஸுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்.

கீழே உள்ளவர்களை நடத்திக் கூட்டிப் போகலாம். மேலே பதினாறு கட்டில்கள். பாதிப் பேர் எழுந்திருக்க முடியாதவர்கள். கட்டிலோடு தள்ளிக்கொண்டு போய் எங்கே வைப்பது என்று மேலிருந்து யாரோ கத்திக் கேட்டார்கள். சிவா இன்னும் போன் எடுக்கவில்லை; தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த நேரத்தில் இயக்குநர் ஆள் அனுப்பி என்னை அழைத்தார். டாக்டராக இருந்து நிர்வாகத்துக்கு வந்தவர், நல்ல மனிதர். மேசை மேல் வெள்ளைத் தாள் ஒன்றும் பேனாவும் இருந்தன.

"உக்காருங்க. சிஸ்டர் சொல்றது ஒரு சஸ்பிஷன். மத்தியானம் ரிசல்ட் வந்துரும். அதுக்குள்ள தண்ணிய நிறுத்தி, ஆளுங்கள அங்க இங்க மாத்தினா, ஒரு மணி நேரத்துல பேஸ்புக்ல வந்துரும். கீமோவுக்கு வரவேண்டியவங்க பயந்து வராமப் போயிருவாங்க. அதுவும் உயிர்தானே? மூணு மணி நேரம்தான் கேக்குறேன்லா."

அவர் சொன்னதில் தவறில்லை. பயந்து சிகிச்சையை விட்டவர்களை நானும் பார்த்திருக்கிறேன்.

"அதுவரைக்கும் ஓடலாம், ஆபத்தில்லன்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுங்க. நிறுத்தணும்னாலும் நீங்களே எழுதிக் குடுங்க. நான் ரெண்டுக்கும் கட்டுப்படுறேன்."

பேனாவை எடுத்தேன். அந்தக் கட்டடத்துக்காக நான் ஆயிரம் முறை கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்த ஒரு வரி வரவில்லை. என்ன எழுதினாலும் யாரோ ஒருவர் பாதிக்கப்படலாம் என்று தோன்றியது. கதவருகே சிஸ்டர் வந்து நின்றார். மூச்சு வாங்கியது. கட்டில் தள்ளி வந்திருக்கிறார்.

"சிஸ்டர், கணேசன் அண்ணனுக்கு டாக்டர் ரிசல்ட் வரட்டும்னு காத்திருக்கிறாரா?"

"இல்லை அக்கா. விடியக்காலமே மருந்த மாத்திப் போட்டார். ஏனெண்டு நான் கேட்டனான். சந்தேகம் பிழையா இருந்தா ஒரு மருந்து வீண். சரியா இருந்து நான் போடாட்டி ஆள் வீண் எண்டார்."

அதற்குப் பிறகு யோசிக்க ஒன்றுமில்லை. 'நீர்ச்சுவரை உடனே நிறுத்த வேண்டும். வார்டையும் கூடத்தையும் காலி செய்ய வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இயக்குநர் அதை எடுத்துப் படித்தார். "சரி," என்று சொல்லி, கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு மேல் வார்டுக்குக் கட்டில் தள்ளப் போனார்.

நான் சிவாவைத் திரும்பத் திரும்ப அழைத்தேன். நாலாவது முறை எடுத்தார். பின்னால் வண்டிகளின் சத்தம்.

"மேடம், மோட்டார்சைக்கிள்ல இருந்தேன், கேக்கல. ஸ்ரீ கெம்பாங்கான்ல இருக்கேன்."

"அங்க என்ன பண்றீங்க? பம்ப் அறைச் சாவி எங்க?"

"எங்கிட்டத்தான் மேடம். யூவி லேம்பு வாங்க வந்தேன். சப்ளையர் இன்னிக்குத்தான் ஸ்டாக் வந்திருக்குன்னான்."

"எந்த லேம்பு?"

"போன புதன்கிழமை மெசேஜ் போட்டேனே மேடம். லேம்பு எரியல, ஸ்டோர்ல ஸ்பேர் இல்ல, அது வர்ற வரைக்கும் ஓட்டலாமான்னு. நீங்க ஓகே போட்டீங்களே."

போனைக் காதிலிருந்து எடுத்து வாட்ஸ்அப்பைத் தேடினேன். இருந்தது. எரியாத விளக்கின் படம், அதற்குக் கீழே மூன்று வரி, அதற்குக் கீழே நான் போட்ட கட்டை விரல் குறி. அன்று இன்னொரு கூட்டத்தில் மேசைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு படத்தை மட்டும் பார்த்துப் போட்டது. என்ன படம் என்றுகூட நினைவில்லை.

"நீங்க ஒண்ணும் தப்பு பண்ணல சிவா. மெதுவா வாங்க," என்றேன்.

அவர் வருவதற்கு ஒரு மணி நேரமாவது ஆகும். வாசலில் இருந்த நேப்பாளக் காவலாளியிடம் இரும்பு வெட்டும் பெரிய கட்டர் இருந்தது. அனுமதிக் கடிதம் கேட்டார். என் பெயர் அட்டையைக் காட்டி, "நான் கட்டினது, நானே பொறுப்பு," என்று மலாயில் சொன்னேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து அழுத்தினோம். கட்டர் இரண்டு முறை வழுக்கியது. மூன்றாவது முறை பூட்டு அறுந்து காலடியில் விழுந்தது. உள்ளே போய் ஸ்விட்சை அணைத்தேன்.

மணி பதினொன்று.

வெளியே வந்தபோது சுவரில் கடைசித் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அது நின்றதும் ஹைவேயின் இரைச்சல் உள்ளே வந்தது. மேல் மாடியில், கட்டில் நகர்த்தப்பட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கீழே எட்டிப் பார்த்து, "ஏன் நிறுத்திட்டீங்க?" என்று கேட்டார்.

மத்தியானம் இரண்டு மணிக்கு ரிசல்ட் வந்தது. சிஸ்டரின் சந்தேகம் சரி. கணேசனின் நுரையீரலில் இருந்தது அந்தக் கிருமிதான். சில நாள் கழித்துத் தொட்டித் தண்ணீரிலும் அதே கிருமி இருப்பது தெரிந்தது. மதிப்பீட்டாளர்களை வர வேண்டாம் என்று இயக்குநரே அழைத்துச் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு பத்து நாள் காத்திருக்க வேண்டும் என்றார் சிஸ்டர். கிருமி உள்ளே போயிருந்தால் பெரும்பாலும் அதற்குள் வெளியே தெரிந்துவிடும். தண்ணீர் திரும்ப ஓட ஆரம்பித்த நாளிலிருந்து அங்கே இருந்த அத்தனை பேருடைய பெயரையும் எழுதினார். தினமும் காலையும் மாலையும் ஒவ்வொருவரையும் போனில் அழைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டார். நான் தினமும் போனேன். எனக்கு அங்கே வேலை ஒன்றுமில்லை. அவர் அழைத்து முடித்த பெயர்களுக்கு நேராகக் கோடு போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொரு பெயருக்கும், "காய்ச்சல் இல்லை," என்று அவர் வாயிலிருந்து வரும்வரை என் பேனா காகிதத்தின் மேல் நின்றுகொண்டிருக்கும்.

ஆறாவது நாள் காலை ஒரு பெயரில் அவர் நிறுத்தினார். "எவ்வளவு இருக்குது? இருமலும் இருக்கோ? வெளிக்கிட்டு வாங்கோ. இல்லை, நாளைக்கு வேண்டாம். இப்ப."

பெயர் செல்வி. கேரி தீவைச் சேர்ந்தவள். ஒரு கிடங்கில் குமாஸ்தா. ஜன்னலோரம் எனக்கு இடம்விட்டுத் தள்ளி உட்கார்ந்த பெண். மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான் அவளுக்குக் கீமோ. அதற்கு முந்தின முறை அவள் வந்தபோது சுவர் நின்றிருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை ஒன்றுதான் அவள் அந்தக் காற்றை மூச்சில் வாங்கிய நாள். வருகைப் பதிவில் நேரம் இருந்தது. எட்டரை.

ஏழரைக்கு என்னைக் கேட்டார்கள். எட்டரைக்கு அவள் வந்தாள்.

அவளுக்கு முதல் மணி நேரத்திலேயே சரியான மருந்து ஏறியது. ஐந்து நாள் ஆக்சிஜனில் இருந்து, மீண்டாள். கணேசன் பதினோரு நாள் செயற்கைச் சுவாசத்தில் இருந்துவிட்டு வெளியே வந்தார். ஆனால் நுரையீரல் தேறும்வரை கீமோவைத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. அடுத்த வருடம் அவர் புற்றுநோயால் இறந்துபோனார். தள்ளிப்போட்டதால்தானா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். எனக்கும் அது தெரியாது. தெரியாமலே இருந்து வருகிறேன்.

'விசாரணை நடக்கிறது' என்பதற்கு மேல் எதுவும் பேச வேண்டாம் என்று வக்கீல்கள் சொன்னார்கள். நம் அலுவலகத்திலும் அதையே சொன்னார்கள். நான் இயக்குநரிடம் போய், இரண்டு குடும்பத்திடமும் நானே சொல்ல வேண்டும் என்றேன். அவர், "போலாம். நானும் வரேன்," என்று எழுந்தார்.

கணேசனால் அப்போது பேச முடியவில்லை. அவர் மனைவிதான் கேட்டுக்கொண்டார். நான் முடித்த பிறகு, "அவரு அந்த இடத்த கோயில் மாதிரி நெனச்சாரு மேடம்," என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்கு மேல் அங்கே நிற்க எனக்கு உரிமையில்லை.

செல்வி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். பழைய தண்ணீர், எரியாத விளக்கு, கட்டை விரல், காலை ஏழரை மணிப் பேச்சு, காரில் எடுத்தும் அழைக்காமல் வைத்த போன்.

"ஏழரைக்கே உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

"சந்தேகம் தெரியும். உள்ள இருந்தாப் பரவாயில்லையான்னு சிஸ்டர் கேட்டாங்க. பரவாயில்லன்னு நான்தான் சொன்னேன்."

விரலில் மாட்டியிருந்த ஆக்சிஜன் அளக்கும் கருவியைக் கழற்றிக் கழற்றிப் போட்டாள். "அன்னிக்கு பஸ்ஸ நம்பினா லேட்டாயிரும்னு எங்க அண்ணன பாதித் தூக்கத்துல எழுப்பி மோட்டார்ல கொண்டாந்து விடச் சொன்னேன். சீக்கிரம் வந்தா ஜன்னல் பக்கம் சீட் கிடைக்கும்னு."

மன்னிப்புக் கேட்டேன். "தூக்கம் வருது," என்றாள். வெளியே வந்தோம்.

இளையவர்களே, இதையெல்லாம் கேட்டுவிட்டு, இனி மருத்துவமனையில் செடியும் வேண்டாம், காற்றும் வேண்டாம், வெறும் வெள்ளைச் சுவரே போதும் என்று முடிவு செய்துவிடாதீர்கள். முற்றம் நோயாளிகளுக்குச் செய்த நல்லதை நான் கண்ணால் பார்த்தேன். மழைநீரைச் சேமிப்பதும் தவறில்லை. என் தவறுகள் வேறு இடத்தில் இருந்தன. பயப்பட வேண்டியவரின் கைக்கு எட்டாத இடத்தில் ஸ்விட்சை வைத்தேன். ஒரு சொட்டும் வீணாகக் கூடாது என்ற பிடிவாதத்தை, பலவீனமான நுரையீரல்களுக்கு மேலே வைத்தேன். படிக்காமல் சரி என்றேன். இவற்றையெல்லாம் பிறகு திருத்தலாம். காரில் எடுத்த போனை வைத்தேனே, அதைத் திருத்த முடியாது. கையில் ஆதாரம் இல்லை என்று உங்களுக்கு நீங்களே வாதாடத் தொடங்கினால், அந்த ஆதாரம் வரும்வரை மூச்சு விடப்போவது யார் என்று பாருங்கள். நீங்களாக இருக்காது.

முற்றத்தைத் திருத்தி அமைக்கும் வேலையை மருத்துவமனை திரும்பவும் என்னிடமே கொடுத்தது. நான் மூன்று நிபந்தனை வைத்தேன். முதல் கோட்டிலிருந்து சிஸ்டர் மேசையில் இருக்க வேண்டும். அவர் கையெழுத்து இல்லாமல் எந்த வரைபடமும் போகக் கூடாது. சிகிச்சைக்கு வருகிறவர் ஒருவரும் உடன் இருக்க வேண்டும். சிஸ்டர்தான் செல்வியைக் கேட்டார். அவள் வருவாள் என்று நான் நினைக்கவில்லை.

வந்தாள். சிகிச்சை முடிந்திருந்தது. தலையில் குட்டையாக முடி வளர்ந்திருந்தது. என் பக்கத்தில் உட்காராமல் எதிரில் உட்கார்ந்தாள். தண்ணீர் இல்லாத புதிய முற்றத்தை விரித்துக் காட்டினேன். நிழல் தரும் மரங்கள், சத்தத்தை வாங்கிக்கொள்ளும் மரச்சுவர், கையால் மூடித் திறக்கும் ஜன்னல்கள், மழைநீர் முழுவதும் கழிவறைக்கும் தோட்டத்தின் வேருக்கும் மட்டும். கவுண்டர் பக்கத்தில், காற்றை உள்ளே தள்ளும் காற்றாடிகளை நிறுத்தப் பெரிய சிவப்பு ஸ்விட்ச். சிஸ்டர் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

செல்வி வரைபடத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"மேடம், இதுல எது கெட்டுப்போனா அங்க உக்காந்திருக்கிற எங்களுக்குத் தெரியாது?"

தரையடி வடிகால், மரச்சுவருக்குள் இருக்கும் பஞ்சு, காற்றாடியின் வடிகட்டி என்று ஒவ்வொன்றாக மனதில் ஓடியது. இவற்றில் எது கெட்டாலும் அங்கே உட்காருகிறவருக்குத் தெரியாது.

"எனக்கு ரெண்டு வாரம் குடுங்க," என்றேன். தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, முதலிலிருந்து வரைந்தேன்.